அசெட்டோ கோர்சா: ஸ்டாண்டிங் ஸ்டார்ட்டில் இடம் போகாமல் கிளம்புவது எப்படி?

#1 – கடைசி_கட்டம்

எல்லோருக்கும் வணக்கம். அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டில் ஓடும் எங்கள் லீக்கில் இந்த சீசனுக்கு டாட்டூஸ் எஃப்ஏ01 காரை எடுத்திருக்கிறார்கள். ரோலிங் ஸ்டார்ட் (ஓடிக்கொண்டே பந்தயத்தைத் தொடங்குவது) கிடையாது, எல்லாப் பந்தயமும் நின்ற இடத்திலிருந்துதான். தகுதிச் சுற்றில் எப்படியாவது நாலாவது, ஐந்தாவது இடம் பிடித்துவிடுகிறேன். முதல் வளைவுக்குள் ஒன்பதாவது, பத்தாவது. பிறகு பந்தயம் முழுக்க விட்ட இடத்தைப் பிடிப்பதிலேயே போகிறது.

இரண்டு விதமாக நடக்கிறது. சில நேரம் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. சத்தம்தான் வருகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது. சில நேரம் கிளட்சை விட்டதும் எஞ்சின் அமுங்கிப் போய், மறுபடி மூச்சுப் பிடித்து எழுவதற்குள் பக்கத்து வரிசைக்காரன் தாண்டிவிடுகிறான். எப்போது எது நடக்கும் என்று சொல்லவே முடியவில்லை.

லாஜிடெக் ஜி29 வீல் வைத்திருக்கிறேன், மூன்று பெடல். ஆட்டோ கிளட்ச் (கிளட்சை விளையாட்டே பார்த்துக்கொள்ளும் வசதி) அணைத்திருக்கிறது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். பந்தயத்தைத் தொடங்கும் சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளம்பும் வேகத்தைக் கூட்ட ரியாக்‌ஷன் டைம் பயிற்சிகள் செய்து வருகிறேன். வேறு என்ன செய்யலாம்?

#2 – சிவப்பு_விளக்கு

ரியாக்‌ஷன் பயிற்சியை விடாதீர்கள், பாதி வேலை அதுதான். 2017 ஆஸ்திரியா கிராண்ட் பிரீயில் எஃப்1 ஓட்டுநர் போட்டாஸ் விளக்கு அணைந்த 0.201 விநாடியில் கிளம்பினார். முந்திக் கிளம்பிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். விசாரித்துவிட்டுச் சரியான ஸ்டார்ட்தான் என்று சொன்னார்கள். அந்தப் பந்தயத்தில் இன்னொரு ஓட்டுநரான வெட்டலை வெறும் 0.658 விநாடியில் வென்றார். அந்த ஸ்டார்ட் இல்லையென்றால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி ஆகிறது. 144 ஹெர்ட்ஸில் 7க்கும் குறைவு. வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டரோடு ஒத்திசைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் அதற்கு மேலும் தாமதம். முதலில் அதை அணையுங்கள். டிவியில் ஓட்டுகிறவர்கள் கேம் மோடுக்கு மாற்றுங்கள்.

#3 – ஈரோடு_எஞ்சின்

சிவப்பு_விளக்கு சொன்ன மானிட்டர் விஷயம் சரி, காசு செலவில்லாமல் செய்யக்கூடியது, செய்துவிடுங்கள். ஆனால் "பாதி வேலை" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டார்ட் என்றாலே எல்லோரும் விளக்கைப் பற்றியே பேசுகிறோம். இடம் போவது விளக்கு அணைந்த அந்தக் கணத்தில் இல்லை. அதற்கு அடுத்த இரண்டு விநாடியில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று நல்ல பிடிமானத்தோடு, விநாடிக்கு 8 மீட்டர் என்ற கணக்கில் வேகம் கூட்டுகிறது. இன்னொன்று சக்கரம் சுற்றிக்கொண்டு 6 மீட்டர்தான் கூட்டுகிறது. இரண்டு விநாடி கழித்து:

நல்ல ஸ்டார்ட்: 16 மீட்டர் தூரம், வேகம் மணிக்கு 58 கிமீ.
சுற்றிய ஸ்டார்ட்: 12 மீட்டர் தூரம், வேகம் மணிக்கு 43 கிமீ.

தூரத்தில் 4 மீட்டர்தான் வித்தியாசம், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் வேகத்தில் 15 கிமீ வித்தியாசம் இருக்கிறதே, அது அடுத்த நாலு விநாடியும் வட்டி போட்டுக்கொண்டே இருக்கும். விநாடிக்கு 4 மீட்டர் வீதம் இன்னொரு 16 மீட்டர். ஆக மொத்தம் 20. எஃப்1 கிரிட்டில் (கார்கள் கிளம்ப வரிசையாக நிற்கும் இடம்) ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் 8 மீட்டர்தான். இரண்டு இடம் போயாச்சு.

இப்போது ரியாக்‌ஷனைப் பாருங்கள். ஒருவன் உங்களைவிட 0.1 விநாடி முன்னால் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதுவே பெரிய வித்தியாசம். மணிக்கு 100 கிமீயில் அது 2.8 மீட்டர். 150இல் 4.2 மீட்டர். அவ்வளவுதான். பயிற்சி செய்து 0.28இலிருந்து 0.25க்கு வந்தால் கிடைப்பது ஒரு மீட்டர் சொச்சம்.

#4 – பிட்லேன்_பிரபு

> விநாடிக்கு 4 மீட்டர் வீதம் இன்னொரு 16 மீட்டர்

இந்தக் கணக்கு முழுக்கச் சரியில்லை, அண்ணே. பின்னால் இருப்பவன் குறைந்த வேகத்தில் இருக்கிறான். பிடிமானம் கிடைத்ததும் முன்னால் போகிறவன் அளவுக்கு, சில சமயம் அதைவிட வேகமாகவே ஏறுவான். குறைந்த வேகத்தில் எஞ்சினின் இழுவை அதிகம். அந்த 15 கிமீ வித்தியாசம் கடைசி வரை அப்படியே இருக்காது.

#5 – ஈரோடு_எஞ்சின்

நல்ல கேள்வி பிரபு. அதையும் சேர்த்தே போடுவோம்.

சுற்றிய கார் இரண்டாவது விநாடியில் பிடிமானம் கண்டுபிடித்து 8க்கு வந்துவிடுகிறது என்று வைப்போம். 43இலிருந்து 58க்கு ஏற அதற்கு அரை விநாடி போதும். அதாவது, நல்ல கார் இரண்டாவது விநாடியில் தொட்ட வேகத்தை இது இரண்டரையில் தொடுகிறது. அதற்குள் 19 மீட்டர் வந்திருக்கும். அங்கிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் ஏறும். ஒன்று இன்னொன்றை அரை விநாடி தாமதமாகப் பின்தொடர்கிறது, அந்த 3 மீட்டர் மட்டும் அதற்குச் சாதகம்.

மணிக்கு 150 கிமீ வரும்போது அரை விநாடி என்பது கிட்டத்தட்ட 21 மீட்டர். 3ஐக் கழித்தால் 18. இதுவும் இரண்டு கட்டத்துக்கு மேல்தான். ரியாக்‌ஷனில் 0.1 விநாடி விட்டால் அதே 150இல் போவது 4 மீட்டர். நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. நேரத்தை எதில் போடுவது என்று இந்த எண்களே சொல்கின்றன.

#6 – சிவப்பு_விளக்கு

சரி, எண்கள் புரிகிறது. ஆனால் லீக்கில் மேல்மட்டத்தில் இருக்கும் எட்டுப் பேருக்கும் வீல்ஸ்பின் (சக்கரம் வீணாகச் சுற்றுவது) கிடையாது. அவர்களுக்குள் பிரிப்பது ரியாக்‌ஷன்தான். போட்டாஸும் வெட்டலும் ஒரே தரம், அதனால்தான் அந்தத் துளி நேரம் செல்லுபடியானது.

#7 – ஈரோடு_எஞ்சின்

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் நாலிலிருந்து பத்துக்குப் போகிறார். அவருக்கு இப்போது வேண்டியது கிளட்ச்.

இன்னொன்று: விளக்கை முந்த நினைப்பது ஆபத்து. ஐந்து விளக்கும் எரிந்த பிறகு எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2019 சுஸுகாவில் வெட்டல் போல் பொசிஷனில் (முதல் கட்டத்தில்) நின்றார். விளக்கு அணையும் முன்பே கார் துளி நகர்ந்தது, பிடித்து நிறுத்தினார், அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. சென்சாரின் வரம்புக்குள் இருந்ததால் தண்டனை இல்லை. ஆனால் மூன்றாவது இடத்திலிருந்து போட்டாஸ் தாண்டிப் போய் பந்தயத்தையே வென்றார். நகர்ந்த காரை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது, தாமதமாகக் கிளம்புவதைவிட மோசம்.

#8 – யாழ்_டர்போ

அண்ணாமார் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டவரிடம் ஒரு கேள்வி: கிளட்ச் மிதிக்கும்போது குதிக்கால் எங்கே இருக்கிறது?

தொடை முழுக்கத் தூக்கி மிதிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரித்தான் விடுபடும். குதிக்காலைத் தரையில் ஊன்றி, கணுக்காலை மட்டும் மடக்கி விட வேண்டும். அப்போதுதான் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் காலுக்கு விளங்கும். குதிக்கால் எட்டவில்லை என்றால் கீழே ஒரு பலகையோ தடித்த புத்தகமோ வையுங்கள். சப்பாத்து வேண்டாம், வெறும் மேசோடு (காலுறையோடு) போதும், பெடலின் அழுத்தம் நன்றாகத் தெரியும்.

சக்கரம் வைத்த கதிரையில் இருந்து ஓட்டுகிறீர்களா? கிளட்சை அமத்திப் பிடித்துக்கொண்டு விளக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் கதிரை மெல்ல மெல்லப் பின்னால் போகும். பெடலைப் பாதி விட்டதாக நினைப்பீர்கள், ஆனால் உடம்பே நகர்ந்திருக்கும். பைட் பாயிண்ட் (கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்) அன்றைக்கு ஒரு இடம், இன்றைக்கு ஒரு இடம் என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கதிரைச் சக்கரங்களைப் பழைய சப்பாத்துக்குள் விட்டு நிறுத்துங்கள், அல்லது கதிரையைப் பெடல் பலகையோடு பட்டியால் கட்டுங்கள்.

#9 – கடைசி_கட்டம்

யாழ் அண்ணா, சக்கரம் வைத்த நாற்காலிதான்! பெடலைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன், நாற்காலியைப் பற்றி யோசிக்கவே இல்லை. இன்றைக்கே கட்டிவிடுகிறேன்.

ஈரோடு அண்ணே, கிளட்ச் என்றீர்கள். எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) நிறுத்த வேண்டும், எவ்வளவு வேகமாக விட வேண்டும்? ஒரு எண் சொல்லுங்களேன்.

#10 – ஈரோடு_எஞ்சின்

எண் சொன்னால் அது என் பெடலுக்கும் என் செட்டப்புக்கும்தான் பொருந்தும். உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். கிளட்ச் முழுக்க அமுங்கியிருக்கும்போது எஞ்சின் தனி, சக்கரம் தனி. பெடலை மெல்ல விடும்போது ஓரிடத்தில் இரண்டும் உரசத் தொடங்கும், அதுதான் பைட் பாயிண்ட். முழுக்க விட்ட பிறகு இரண்டும் ஒன்று. பைக்கில் மேட்டில் நின்று கிளம்பியிருப்பீர்கள். வண்டி பின்னால் உருளாமல் நிற்கும் அந்த இடத்தில் கை தானாகத் தாமதிக்குமே, அதே இடம்தான் இது. பந்தயக் காரில் அந்த இடைவெளி இன்னும் குறுகியது, அவ்வளவே.

நீங்கள் சொன்ன இரண்டு கோளாறும் ஒரே கோளாறின் இரண்டு முகம். ஆர்பிஎம் அதிகம் வைத்துக் கிளட்சைப் படாரென விட்டால் எஞ்சினின் சுழற்சி வேகம் மொத்தமும் ஒரே அடியில் டயருக்குப் போகும். டயர் தாங்காமல் சுற்றிவிடும். ஆர்பிஎம் குறைவாக வைத்துப் படாரென விட்டால் டயர் ஜெயித்துவிடும், எஞ்சின் அமுங்கும். எஃப்ஏ01 வேறு 1.4 லிட்டர் டர்போ. ஆர்பிஎம் விழுந்தால் டர்போவின் அழுத்தமும் விழும், அது மறுபடி ஏறும் வரை 180 குதிரைத்திறன் என்பது காகிதத்தில்தான் இருக்கும். நீங்கள் சொன்ன "மூச்சுப் பிடித்து எழுவது" அதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. விளக்கு அணைந்ததும் பெடலை வேகமாக பைட் பாயிண்ட் வரை கொண்டுவாருங்கள், அங்கே நிறுத்துங்கள். கார் நகரத் தொடங்கி, சக்கரத்தின் வேகம் எஞ்சினின் வேகத்தோடு ஒத்துவரும் வரை அங்கேயே பிடித்திருங்கள். ஒத்துவந்ததும் மிச்சத்தை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஆக்சிலரேட்டரின் வேலை. ஆக, கிளட்சை இரண்டு தவணையில் விடுகிறீர்கள். பெரும்பாலானவர்கள் முதல் தவணையைச் சரியாகச் செய்துவிட்டு, கார் நகர்ந்த சந்தோஷத்தில் இரண்டாவதைச் சட்டென விட்டுவிடுவார்கள். அந்த இடத்தில்தான் பின்பக்கம் சுற்றும்.

இப்போது எண் கண்டுபிடிப்பது. அசெட்டோ கோர்சாவில் டிராக் ரேஸ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறதே, அதை யாரும் தொடுவதே இல்லை. 400 மீட்டர் பாதையை எடுங்கள், எஃப்ஏ01ஐ எடுங்கள். எதிராளியைப் பார்க்காதீர்கள். 5,000 ஆர்பிஎம்மில் தொடங்குங்கள். அதே 5,000இல் திரும்பத் திரும்பக் கிளம்பி, கை பழகியதும் 500 கூட்டுங்கள். ஓட்ட நேரம் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் மறுபடி கூடத் தொடங்கும். அதற்குக் கொஞ்சம் கீழேதான் உங்கள் எண். ஒரே நேரத்தில் ஆர்பிஎம்மையும் கால் பழக்கத்தையும் மாற்றாதீர்கள், எதனால் என்ன நடந்தது என்று தெரியாமல் போகும்.

எண் கிடைத்த பிறகு உங்கள் லீக்கின் அடுத்த டிராக்குக்குப் போய், ஒரே ஒரு கணினி எதிராளியோடு பந்தயம் வைத்து, முதல் வளைவு வரை ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் போடுங்கள். நேர்கோடு மேடாக இருந்தால், சரிவாக இருந்தால் எண் கொஞ்சம் மாறும்.

#11 – பிட்லேன்_பிரபு

இதோடு டெலிமெட்ரியும் (கார் ஓடியதன் பதிவுத் தரவு) பார்த்தால் வேலை சீக்கிரம் முடியும். அதைப் பதிவு செய்யும் ஏசிடிஐ போட்டால், கோடுகளாகக் காட்டும் மோட்டெக் ஐ2வில் திறந்து பார்க்கலாம், இரண்டுமே இலவசம். நாலே கோடுகளைப் பாருங்கள்: கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஆர்பிஎம், பின்சக்கர வேகம். அதன்மேல் காரின் வேகத்தையும் போடுங்கள்.

நல்ல ஸ்டார்ட்டில் ஆர்பிஎம் கோடு மெதுவாகச் சரிந்து, ஒரு பள்ளம் போட்டு, அப்புறம் ஏறும். சுற்றிய ஸ்டார்ட்டில் சரியவே சரியாது, மேலேயே தொங்கும். சக்கர வேகம் 70, 80 என்று பாய்ந்திருக்கும், கார் 20இல் இருக்கும். அமுங்கிய ஸ்டார்ட்டில் கிணற்றில் விழுந்த மாதிரி ஒரே செங்குத்து.

டயர் கொஞ்சமும் சுற்றக் கூடாது என்று நினைக்க வேண்டாம். சக்கரம் காரைவிட 10, 15 சதவீதம் வேகமாகச் சுற்றும்போதுதான் டயர் அதிகமாக இழுக்கும். ஆனால் முதல் சில மீட்டரில் இந்த சதவீதத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கார் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும்போது எந்த வித்தியாசமும் பெரிய சதவீதமாகத்தான் தெரியும். அங்கே கிமீ வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், 40 தாண்டிய பிறகு சதவீதம்.

#12 – கன்ட்ரோலர்_கார்த்தி

எல்லோரும் மூன்று பெடலைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் கேம்பேட்தான், ஆட்டோ கிளட்ச். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? காசு சேர்த்து வீல் வாங்கு என்று சொல்லாதீர்கள்.

#13 – பிட்லேன்_பிரபு

கார்த்தி, உங்கள் கையில் இருப்பது ஆக்சிலரேட்டர் ட்ரிக்கரும் கியரும். கிளட்சை கேம் பார்த்துக்கொள்வதால் அமுங்குவது அரிது, சுற்றுவதுதான் உங்கள் எதிரி. ட்ரிக்கரை முழுக்க அமுக்கிக் காத்திருக்காதீர்கள். பாதியில் பிடித்துக் கிளம்பி, கார் பிடித்த பிறகு மீதியை அமுக்குங்கள். சுற்றத் தொடங்கிவிட்டால் ட்ரிக்கரை விடுவதைவிட, இரண்டாம் கியரைச் சீக்கிரம் போடுவது நல்லது. டயருக்குப் போகும் இழுவை உடனே குறையும், கார் நேராகும். முதல் கியரில் ஷிப்ட் லைட் (கியர் மாற்றச் சொல்லும் விளக்கு) எரியும் வரை காத்திருந்து சுற்றிக்கொண்டே போகிறவனை நீங்கள் தாண்டிவிடலாம்.

கோட்மாஸ்டர்ஸின் எஃப்1 விளையாட்டுகளில் கேம்பேட்டுக்கும் கிளட்ச் பட்டன் உண்டு. ஸ்டார்ட்டை மேனுவலில் வைத்து, பட்டனை அமுக்கி ஆர்பிஎம்மை நிலையாக வைத்து, விளக்கு அணைந்ததும் விட வேண்டும். பட்டன் என்பதால் நடுவில் நிறுத்த முடியாது. ஆர்பிஎம்மும் அதன்பின் ட்ரிக்கரை எவ்வளவு மெல்லக் கூட்டுகிறீர்கள் என்பதும்தான் எல்லாம்.

#14 – சிவப்பு_விளக்கு

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரட்டைப்படை இடத்தில் நின்றால் அழுக்குப் பக்கம். ரேசிங் லைனுக்கு (கார்கள் வழக்கமாக ஓடும் தடம்) வெளியே ரப்பர் படிந்திருக்காது, பிடிமானம் குறைவு. ஹங்கரோரிங்கில் இரண்டாவது இடத்தைவிட மூன்றாவது மேல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் நிற்கும்போது ஆர்பிஎம்மைக் குறையுங்கள்.

#15 – ஈரோடு_எஞ்சின்

நிஜத்தில் உண்மை. அசெட்டோ கோர்சாவில் அப்படி இல்லை. அதில் டிராக்கின் பிடிமானம் சுற்றுக்குச் சுற்று கூடும், ஆனால் டிராக் முழுவதும் ஒரே அளவாகத்தான் கூடும். இடம், வலம் என்ற பேதம் கிடையாது. ஆகவே எஃப்ஏ01இல் நாலாவது இடத்தில் நின்றால் ஆர்பிஎம்மைக் குறைக்க எந்த அவசியமும் இல்லை, சும்மா மீட்டர் விடுவீர்கள்.

ஆர்ஃபேக்டர் 2இலும் ஐரேசிங்கிலும் கார் போன இடத்தில்தான் ரப்பர் படியும். அங்கே சிவப்பு_விளக்கு சொன்னது அப்படியே பொருந்தும். எந்த விளையாட்டுக்கான அறிவுரை என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

#16 – யாழ்_டர்போ

கிளட்ச் பேடில் (விரலால் இழுக்கும் நெம்பு) உள்ள வீல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபனாடெக் மாதிரியான சில வீல்களில் பின்னால் இரண்டு கிளட்ச் பேடில் இருக்கும், அவற்றில் பைட் பாயிண்ட் என்று ஒரு சதவீதத்தை நாமே வைக்கலாம். இரண்டையும் இழுத்துப் பிடித்து, விளக்கு அணைந்ததும் ஒன்றை முழுக்க விட்டால், கிளட்ச் நேரே அந்த சதவீதத்துக்கு வந்து நிற்கும். மற்றதை மெல்ல விட வேண்டியதுதான். ஈரோடு அண்ணா சொன்ன முதல் தவணையை வீல் செய்துவிடும், இரண்டாவது மட்டும் எங்கள் பொறுப்பு.

நிஜ எஃப்1இல் இதே முறைதான் இருந்தது. எஞ்சினியர்கள் ஃபார்மேஷன் லாப்பில் (ஸ்டார்ட்டுக்கு முந்தைய சுற்று) தரவைப் பார்த்து பைட் பாயிண்டைத் திருத்தச் சொல்வார்கள். 2015 பெல்ஜியம் பந்தயத்திலிருந்து அதை நிறுத்தினார்கள். கார் கராஜை விட்டு வெளியே வந்த பிறகு பைட் பாயிண்டை மாற்றக் கூடாது என்றார்கள். 2016இல் ஒரே பேடில் என்று ஆக்கினார்கள். ஸ்டார்ட் ஓட்டுநரின் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். அதனால்தான் சிமுலேட்டரிலும் இது பழகத்தக்க விஷயம் என்று நினைக்கிறேன். ஒரு பட்டனை அமத்தினால் கார் தானே கிளம்பும் என்றால் இந்த இழையே தேவைப்பட்டிராது.

#17 – பிட்லேன்_பிரபு

சரியாகச் சொன்னீர்கள். 2001இல் எஃப்1இல் லாஞ்ச் கன்ட்ரோலை (ஸ்டார்ட்டைக் கணினியே பார்த்துக்கொள்ளும் வசதி) மறுபடி அனுமதித்து, 2004இல் மறுபடி தடை செய்தார்கள். இருபது பேரும் ஒரே மாதிரிக் கிளம்புவதில் பார்க்க என்ன இருக்கிறது?

#18 – கடைசி_கட்டம்

நாற்காலியைக் கட்டிவிட்டேன். குதிக்காலுக்குப் பலகையும் போட்டாச்சு. டிராக் ரேஸில் ஓட்டிப் பார்த்து மோட்டெக்கில் திறந்தேன். கிளட்ச் கோட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது: பைட் பாயிண்டில் நிற்கிறேன், ஆனால் கண்ணிமைக்கும் நேரம்தான், கார் அசைந்ததுமே கோடு சரேலென்று பூஜ்யத்துக்குப் போகிறது. ஈரோடு அண்ணே சொன்ன அதே இரண்டாவது தவணை. அதைத் தாமதித்து விட்ட ஓட்டங்களில் ஆர்பிஎம் கோடு பிரபு வர்ணித்த மாதிரி மெல்லச் சரிந்து ஏறுகிறது, பின்சக்கர வேகமும் காரின் வேகமும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே போகின்றன. 6,500ஐத் தாண்டினால் என் பெடலில் சுற்றத் தொடங்குகிறது, 6,000 வசதியாக இருக்கிறது.

அடுத்த பந்தயம் மோன்சா. கூட்டமாக முதல் சிக்கேனுக்குள் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகள்) போக வேண்டும். அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். நல்ல ஸ்டார்ட் எடுத்துவிட்டு அங்கே போய் மாட்டிக்கொள்ள விருப்பமில்லை.

#19 – யாழ்_டர்போ

சந்தோஷம் தம்பி!

மோன்சாவில் முதல் நேர்கோடு நீளம், சிக்கேன் ஒடுக்கம். முன்னால் போகிறவர் கொஞ்சம் முன்கூட்டிப் பிரேக் பிடித்தால், அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் முன்கூட்டி, அதற்குப் பின்னால் இன்னும். பத்தாவது ஆள் வரும்போது முழுக்க நின்றே விடுவார். தகுதிச் சுற்றில் பிரேக் பிடித்த பலகையை மறந்துவிடுங்கள். டயரும் பிரேக்கும் அந்தச் சூட்டில் இல்லை, டாங்க் நிறையப் பெற்றோல் வேறு. முன்னால் இருப்பவரின் காரை மட்டும் பார்க்காமல், அவருக்கும் முன்னால் இருப்பவரைப் பாருங்கள்.

பிங் (சர்வருக்குத் தரவு போய்வரும் நேரம்) இன்னொரு விஷயம். நான் ஐரோப்பிய சர்வர்களில் ஓடுகிறேன், 200 மில்லி விநாடிக்குக் குறைவதில்லை. மணிக்கு 100 கிமீயில் அது 5.6 மீட்டர். திரையில் தெரிகிற மற்றவரின் கார், அது இப்போது எங்கே இருக்கும் என்று கணினி ஊகித்து வைத்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரே வேகத்தில் ஓடும்போது ஊகம் சரியாக வரும். ஸ்டார்ட்டிலும் முதல் பிரேக்கிலும் வேகம் சட்டென மாறுவதால் ஊகம் பிழைக்கும், கார்கள் முன்னும் பின்னும் துள்ளும். உங்கள் திரையில் இடிபடாமல் இருந்தாலும் அவர் திரையில் இடித்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு காரின் அகலம், முன்னால் அரைக் காரின் நீளம் கூடுதலாக விடுங்கள்.

#20 – சிவப்பு_விளக்கு

மோன்சாவுக்கு முன் உங்கள் வீலில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். 2021 பாக்கு பந்தயத்தில் இரண்டே சுற்று மிச்சம், சிவப்புக் கொடிக்குப் பிறகு நின்ற இடத்திலிருந்து மறுபடி ஸ்டார்ட். ஹாமில்டன் அருமையாகக் கிளம்பி பெரேஸின் பக்கத்தில் வந்துவிட்டார். கை தவறி ஒரு பட்டன் பட்டு, பிரேக் விசை பெரும்பகுதியும் முன்சக்கரத்துக்குப் போனது. முதல் வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டு நேரே போய்விட்டார், பெரேஸ் ஜெயித்தார். கிளட்சும் கியரும் ஒரே கையில் பரபரக்கும் நேரம் அது. பிரேக் பயாஸ் (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரிப்பது) பட்டன் கட்டைவிரல் போகும் வழியில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

#21 – கடைசி_கட்டம்

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று, கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் (அசெட்டோ கோர்சாவுக்கான மாட்) தரும் மழையோடு லீக்கில் ஒரு பந்தயம் வைக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது. மழையில் ஸ்டார்ட்டுக்கு ஆர்பிஎம்மை எவ்வளவு குறைக்க வேண்டும்?

#22 – ஈரோடு_எஞ்சின்

அதே டிராக் ரேஸ் முறையை ஈரமான டிராக்கில் செய்யுங்கள். 3,500இலிருந்து தொடங்குங்கள். பைட் பாயிண்டில் பிடித்திருக்கும் நேரம் காய்ந்த டிராக்கைவிட வெகுவாகக் கூடும், அதற்குக் கால் பழக வேண்டும். இரண்டாம் கியருக்கு ஷிப்ட் லைட் வரை காத்திருக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்திருங்கள். பக்கத்துக் காருக்கு வழி மறிக்கலாம் என்று முதல் கியரிலேயே திருப்பினால் பின்பக்கம் உங்களுக்கு முன்னால் வந்துவிடும். மூன்றாம் கியர் விழுந்த பிறகு எந்தப் பக்கம் போவது என்று யோசித்தால் போதும்.

மோன்சா ரீப்ளேயை இங்கே போடுங்கள், கிளட்ச் கோட்டோடு சேர்த்து.